நடு வரிசையில் எட்டாவது பேர்

நடு வரிசையில் மேலிருந்து எட்டாவது பேர். நான் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து எழுத்து தெரியாது, ஆறடிக்கு அப்பால் எனக்கு எல்லாமே கலங்கல்தான், ஆனாலும் அது அங்கே இருக்கிறது. மூன்று தடவை எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தாயிற்று. நாலாவது தடவை போனால் பர்சேஸில் யாராவது, என்னங்க வேலுண்ணா, அதுக்குள்ள பொங்கல் லீவு எண்ணறீங்களா என்பார்கள். பதிலுக்குச் சிரிக்க வேண்டியிருக்கும். இப்போது என்னால் சிரிக்க முடியாது. மணி பதினொன்று முப்பத்தைந்து. வாட்ச்மேன் காலையில் ஸ்டூல் போட்டு ஏறி ஆணியடித்து மாட்டிவிட்டுப் போன புது வருஷத்துக் காலண்டர். மேலே எங்கள் கம்பெனி மோட்டாரிலிருந்து தண்ணீர் கொட்டுகிற படம், கீழே தேதிக்கட்டு, நடுவில் இந்த வருஷம் புதுசாக ஒரு பட்டியல். யாரிடம் பேசுவது என்று தெரியாமல் நாலு இடத்துக்கு மாற்றி மாற்றிவிடுகிறார்கள் என்று டீலர்கள் கூட்டத்தில் புலம்பப்போய், எல்லாப் பேரையும் எக்ஸ்டென்ஷன் நம்பரோடு காலண்டரிலேயே அச்சடித்துவிடுங்கள் என்று முதலாளி சொல்லிவிட்டார். எழுபத்திரண்டு பேர். மூன்று வரிசை, வரிசைக்கு இருபத்து நாலு. பார்க்க அழகாக இருக்கிறது, ஒரு பேர்கூடக் குறையாமல், மேலும் கீழும் சரிசமமாக, அவ்வளவு அழகாக. நடு வரிசை, எட்டு. பொ. மரகதவல்லி, அக்கவுண்ட்ஸ், 219. அந்தப் பேர் அங்கே இருக்கக் கூடாது. எங்கேயும் இருக்கக் கூடாது என்றுதான் அந்தப் பெண் என்னிடம் வந்து கேட்டாள். நானும் தலையாட்டினேன். இந்தக் கம்பெனியில் போன் சம்பந்தப்பட்டது எல்லாம் என் கையில்தானே, இருபத்தாறு வருஷமாக.

ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் அது. மேஜைக்கு அடியில் ஒயரைப் பிடித்துக்கொண்டு நான் மண்டிபோட்டிருந்தேன், முதலில் அவள் செருப்பைத்தான் பார்த்தேன், வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்த செருப்பு. "சார், உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணுங்க." வெளியே வந்து உட்கார்ந்தேன். அவள் உட்காரவில்லை. "வெளியில இருந்து நம்ம கம்பெனிக்குப் போன் பண்ணி, பேரோட மொத மூணு எழுத்தை அமுத்துனா அந்த ஆளுக்கு லைன் போகுதில்லீங்க. என் பேரை அமுத்துனா போகக் கூடாதுங்க." ஏம்மா, கடன்காரன் தொல்லையா என்று கேட்டேன், விளையாட்டுக்குத்தான் கேட்டேன், கேட்டிருக்க வேண்டாம். போன சித்திரையில் கல்யாணம் ஆயிற்று, ரிஜிஸ்டர் ஆபீஸில், மாப்பிள்ளை லேத் பட்டறையில் வேலை, அவரு வேற சாதிங்க என்றாள். ஊர் மூலனூர்ப் பக்கம். போலீஸ் ஸ்டேஷனில் வைத்துச் சமாதானம் பேசி முடித்தார்கள். "எங்கண்ணன் இன்ஸ்பெக்டர் சொன்ன எடத்துல எல்லாம் கையெழுத்துப் போட்டானுங்க. வெளிய படியில எறங்கறப்ப எங்காதுகிட்ட வந்து, பொறுமையாத் தேடுவேன், அவசரமில்லைன்னு சொன்னானுங்க." அதை அவள் சொன்ன குரலில் அழுகை இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற குரல். திருப்பூரில் ஒவ்வொரு பனியன் கம்பெனியாகப் போன் போட்டு மரகதவல்லி இருக்கா என்று கேட்டிருக்கிறானாம், அங்கே வேலை பார்க்கிற சிநேகிதி சொன்னாளாம். திருப்பூர் முடிந்தால் கோயம்புத்தூர். "இந்தப் பேரு வேற யார்த்துக்கும் இருக்காதுங்க சார். எங்கப்பனோட அம்மா பேரு." கடைசியாக, "உங்ககிட்ட மட்டும்தான் சொல்லியிருக்கனுங்க" என்றாள்.

உடனே செய்தேன். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. கம்ப்யூட்டரில் 219-ஐத் திறந்தால் கீழே ஒரு சின்னக் கட்டம் இருக்கும், இந்த ஆளை டைரக்டரியில் காட்டாதே என்று, அதில் ஒரு டிக். அவ்வளவுதான் வேலை. மறுநாள் என் செல்லிலிருந்து கம்பெனி நம்பரைப் போட்டு அவள் பேரின் மூன்று எழுத்தை அழுத்தினேன், அந்தப் பேரில் யாரும் இல்லை என்று பதிவு செய்த குரல் சொன்னது. அவளைக் கூப்பிட்டுக் காதில் வைத்துக் கேட்கச் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து நான் எவ்வளவு பெருமைப்பட்டேன் என்று இப்போது நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. ஒரு டிக். பெரிய கோட்டை கட்டிக் கொடுத்துவிட்ட மாதிரி. அன்றைக்கு வீட்டுக்குப் போய் மீன் குழம்பு இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டேன்.

சாஃப்ட்வேர் மேல்தான் தப்பு. டிக் போட்டால் போன் திரையில் வராது, வெளியாள் அழுத்தினால் வராது, ஆனால் மொத்தப் பட்டியலை இறக்கினால் மறைத்த ஆளும் கூடவே இறங்கி வந்து நிற்கும். எந்த மடையன் அப்படிச் செய்வான். மறைத்தது என்றால் மறைத்ததுதானே. கதவைச் சாத்திவிட்டு ஜன்னலைத் திறந்துவைத்த மாதிரி. அவன் எந்த ஊரில் உட்கார்ந்து இதை எழுதினானோ, அவனுக்கென்ன தெரியும், மறைப்பது என்றால் முதலாளி பேரை மறைப்பது, தொந்தரவு வராமல் மறைப்பது, அவ்வளவுதான் அவனுக்கு. ஆமாம், அவன் மேல்தான் தப்பு. இல்லாவிட்டால் பிரஸ்காரன் மேல். இல்லாவிட்டால் ரிசப்ஷனில் இருக்கும் பிலோமினா மேல், அவள்தானே பட்டியலை டைப் அடித்தாள். இல்லை. பிலோமினா அடித்த பட்டியலில் எழுபத்தோரு பேர்தான். அவள் தன் போன் திரையில் தெரிந்த பேரை ஒவ்வொன்றாகப் பார்த்து அடித்தாள், திரையில் மரகதவல்லி இல்லை, அதனால் பட்டியலிலும் இல்லை. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. டிக் வேலை செய்தது. சாஃப்ட்வேர்காரன் என்ன பாவம் செய்தான். பிரஸ்ஸிலிருந்து ப்ரூஃப் வந்தது, என் மேஜைக்கு வந்தது, வேலுண்ணா பார்த்தால் சரியாக இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், நான் பார்த்தேன். நடு வரிசையில் இருபத்து மூன்று. ஒன்று குறைகிறது. அடியில் ஒரு பொக்கை. அதை என்னால் தாங்க முடியவில்லை. சிஸ்டத்தில் மொத்தப் பட்டியலை இறக்கினேன், எழுபத்திரண்டு. நம்பர் வாரியாக ஸ்கேல் வைத்து ஒத்துப் பார்த்தேன், 217, 218, 220. ஆகா, 219 விட்டுப்போச்சு. பிரஸ்ஸுக்கு நானேதான் போன் போட்டேன். ஒரு பேர் விட்டுப்போச்சுங்க, எழுதிக்குங்க, என்று சொல்லி, ஒவ்வொரு எழுத்தாக, நிறுத்தி நிறுத்தி, ம, ர, க, த. திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். அவர் ஒரு எழுத்தை விட்டார், நான் திருத்தினேன்.

என் வாயால். இதே வாயால். அப்போது எங்கே போயிருந்தது அந்தப் பெண் சொன்னதெல்லாம். மறந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, ஞாபகத்தில் இருந்தது, அன்று காலையில்கூட அவளைப் படியில் பார்த்து, எப்படீம்மா, தொந்தரவு ஒண்ணுமில்லையே என்று கேட்டிருக்கிறேன். ஆனால் ஸ்கேலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது எனக்கு அவள் தெரியவில்லை, 219 தெரிந்தது. ஒன்று குறைந்தால் எனக்குப் பொறுக்காது. சின்னப் பிள்ளையில் மில் குவார்ட்டர்ஸில் கண்ணாமூச்சி ஆடுவோம், எல்லோரும் பிடிபட்டு ஒரே ஒருத்தர் மட்டும் அகப்படாமல் இருந்தால் எனக்கு இருப்புக்கொள்ளாது, நான் ஆட்டத்தில் தோற்று வெளியே உட்கார்ந்திருப்பேன், எனக்கென்ன வந்தது, ஆனாலும் தேடுகிறவனைக் கூப்பிட்டு, தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி பாருடா என்று சொல்லிவிடுவேன். எங்கள் அக்கா ஒரு தடவை தொட்டிக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்து, ஏண்டா சொன்னே, உன்னை யாருடா கேட்டா என்று தலையில் கொட்டினாள். யாரும் கேட்கவில்லை. இப்போதும் யாரும் கேட்கவில்லை. எழுபத்தோரு பேரோடு அச்சாகியிருந்தால் இந்தக் கம்பெனியில் ஒருத்தர், ஒரே ஒருத்தர் கேட்டிருப்பாரா, எங்கே ஒரு பேர் குறைகிறதே என்று. கேட்டிருக்க மாட்டார்கள். மரகதவல்லி மட்டும் பார்த்துச் சந்தோஷப்பட்டிருப்பாள்.

பதினொன்று நாற்பத்தைந்து. யோசி. டிஸ்பாட்சுக்குப் போன் போட்டேன், சிவஞானம் எடுத்தான், காலண்டர் எல்லாம் போயாச்சா என்றேன். "திங்கக்கிழமையே ஏத்தியாச்சுங்ணா. ஒரு கட்டுகூட மிச்சமில்லை." இன்று வியாழன். மூலனூருக்குமா என்று கேட்டேன். "அதுவும்தானுங்ணா. அந்த டீலரு நேத்தே கூப்பிட்டு இன்னொரு நூறு அனுப்புன்னு உசிரெடுக்கறாரு. வந்த அன்னைக்கே ஊரெல்லாம் குடுத்துட்டாராமா." அந்த டீலருக்கே போட்டேன். லைன் என்கேஜ்டு. மறுபடி போட்டேன், என்கேஜ்டு. மூன்றாவது தடவை எடுத்தார், நல்ல மனுஷர், டீலர்கள் கூட்டத்தில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு ஐஸ்கிரீம் சாப்பிட்டவர். காலண்டரில் ஒரு தேதி தப்பாக விழுந்துவிட்டது, எல்லாவற்றையும் திருப்பி வாங்கி வைக்க முடியுமா என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். "எங்கூருக் கோயில் நோம்பித் தேதி எந்தக் காலண்டர்லங்க சரியாப் போட்டிருக்குது? குடுத்தது குடுத்ததுதானுங்க. இந்நேரம் ஊடு ஊட்டுக்கு மாட்டியிருப்பாங்க." யார் யாருக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். "நம்ம மோட்டார் ஓடற தோட்டம் அத்தனைக்கும்ங்க." மரகதவல்லியின் அப்பா பொன்னுசாமி, அவர் தோட்டத்துக்குக் கொடுத்தீர்களா. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பொன்னுசாமி என்று நான் சொன்னால் எந்தப் பொன்னுசாமி, கோயம்புத்தூர் ஆபீஸுக்கு அவரை எப்படித் தெரியும், ஓ அந்தப் பொண்ணோட அப்பனா என்று அவர் ஒரு நிமிஷத்தில் கோத்துவிடுவார். தெரியாமல் இருந்தவருக்கும் நானே தெரியப்படுத்தியது போலாகும். பல்லைக் கடித்துக்கொண்டு போனை வைத்தேன்.

யார் படிக்கப்போகிறார்கள். அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்கிறேன். காலண்டரில் ராகுகாலம் பார்ப்பார்கள், கிருத்திகை எப்போது அமாவாசை எப்போது என்று பார்ப்பார்கள், எவனாவது எழுபத்திரண்டு பேரையும் உட்கார்ந்து படிப்பானா. படிக்க மாட்டான். பொறுமையாகத் தேடுகிறவன் படிப்பான். அவசரமில்லாதவன் படிப்பான். சாப்பிட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துக் கை காய உட்கார்ந்திருக்கும்போது, தன் அப்பத்தா பேர் அச்சில் இருப்பது ஒருத்தன் கண்ணில் படாமலா போகும். அதுவும் அந்தப் பேர் நடுவில் இருக்கிறது, நான் வைத்த இடத்தில், மூன்று வரிசையில் நடு வரிசை, நேராகப் பார்த்தால் அங்கேதான் பார்வை போகும். ஐயோ. போன வருஷம் பேப்பரில் ஒரு பெண்ணைப் பற்றி வந்தது, வாய்க்கால் மேட்டில், நான் அந்தப் பக்கத்தைப் படிக்காமல் புரட்டினேன், ஆனால் போட்டோவில் ஒரு செருப்பு மட்டும் கிடந்தது கண்ணில் பட்டுவிட்டது. செருப்பை எதற்கு நினைக்கிறேன். நினைக்காதே. இங்கிருந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கவுண்ட்ஸ் தெரிகிறது, தூரத்தில் கலங்கலாக ஒரு பச்சைப் புடவை, அவள்தான், இந்நேரம் வவுச்சரை நூலில் கோத்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு எதிர்ச் சுவரிலும் ஒரு காலண்டர் மாட்டியிருக்கும். அவளும் இன்னும் படிக்கவில்லை. படித்திருந்தால் என்னிடம் ஓடி வந்திருப்பாள். அல்லது என்னிடம் வந்திருக்க மாட்டாள்.

போய்ச் சொல்லிவிட வேண்டியதுதான். எழுந்து போய், அம்மணி, இப்படி ஆகிப்போச்சு, நான்தான் செய்தேன் என்று. எழுந்தேன்கூட. கையில் ஒரு வழியும் இல்லாமல் போய் என்ன சொல்வது என்று உட்கார்ந்தேன். முதலில் ஒரு வழி செய்துவிட்டு, ஒன்றும் பயமில்லை, எல்லாம் பார்த்துக்கொண்டேன் என்று சொல்லும்படியாகப் போக வேண்டும். இது வெறும் பசப்பு, எனக்கே தெரிகிறது, அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை, அதுதான் விஷயம். ஐம்பத்து நாலு வயது, ஒரு பெண் பிள்ளை முகத்தைப் பார்க்கத் துணிச்சல் இல்லை. சரி, செய்ய முடிந்ததைச் செய்வோம். 219-ஐத் திறந்தேன். அந்த டிக் இன்னும் சாதுவாக அப்படியே இருக்கிறது. 219-க்கு வருகிற அழைப்பு எதுவானாலும் என் 200-க்கு வரும்படி திருப்பிவிட்டேன். இனி யார் அந்த நம்பரைப் போட்டாலும் என் மேஜையில்தான் அடிக்கும், நான்தான் எடுப்பேன், அப்படி ஒருத்தர் கிடையாது, அச்சுப் பிழை என்று சொல்வேன். போன் வரைக்கும் சரி. நேரில் வந்தால்? பிலோமினாவிடம் சொல்லிவைக்கலாம், யாராவது கேட்டால் இல்லை என்று சொல்லிவிடு என்று. ரிசப்ஷனுக்குப் பூஜ்யத்தை அழுத்தப்போனேன். ஏண்ணா, என்ன விஷயம் என்பாள். நல்ல பெண்தான், ஆனால் அவள் காதுக்குப் போனது சாயந்திரம் டீ நேரத்துக்குள் பின்பக்கம் இரும்பு உருக்குகிற பவுண்டரிவரை போய்விடும். உங்ககிட்ட மட்டும்தான் சொல்லியிருக்கனுங்க. அந்த ஒன்றையாவது காப்பாற்றுவோம் என்று கையை எடுத்துக்கொண்டேன். மதியம் சாப்பாட்டு நேரத்தில், மரகதத்தையே கேட்டுக்கொண்டு, பிறகு பிலோமினாவிடம் சொல்லலாம். அவசரமில்லை. அந்த வார்த்தை மனசில் வந்த பிறகுதான் உறைத்தது, அது என் வார்த்தை இல்லை.

போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருஷத்தில் ஒரு போனை இப்படி வெறித்துப் பார்த்ததில்லை. கருப்பு. மூன்றாம் நம்பர் பட்டன் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. அடிக்காதே, அடிக்காதே என்று வேண்டிக்கொண்டேன், பிறகு அடித்தால் தேவலை என்று தோன்றியது, அடித்தால் அவன் போனில்தான் இருக்கிறான் என்று தெரியும், இன்னும் ஊரில்தான் இருக்கிறான் என்று தெரியும். மணி பன்னிரண்டு ஐந்துக்கு அடித்தது. கூரியர்காரர், அக்கவுண்ட்ஸ் மேடம் இல்லீங்களா, ஒரு கவர் வந்திருக்கு என்றார். நான் அவரிடம், அப்படி யாரும் இல்லை என்று சொல்லிவிட்டேன். வாய் தானாகச் சொன்னது. அவர் குழம்பிப் போய் வைத்துவிட்டார். பரவாயில்லை, ஒத்திகை. பன்னிரண்டு எட்டுக்கு மறுபடி அடித்தது. திரையில் நம்பர் வந்தது, 04258. அந்த எஸ்.டி.டி. கோடு எனக்குத் தெரியும், மூலனூர்ப் பக்கம், கொஞ்ச நேரத்துக்கு முன்னால் நானே மூன்று தடவை போட்டது, ஆனால் பின்னால் வருகிற எண் டீலருடையது இல்லை. இரண்டாவது மணியும் போனது. மூன்றாவது. எடுத்தேன்.

அந்தப் பக்கம் ஏதோ மெஷின் ஓடுகிற சத்தம், ஒரு கோழி. பிறகு ஒரு பெண் குரல், வயசான குரல், வாயை ரிசீவரில் ஒட்டிவைத்துக்கொண்டு பேசுவது போல. "ஏனுங்க, மோட்டார் கம்பெனிங்களா?" ஆமாங்க என்றேன். "அங்க மரகதவல்லின்னு ஒரு புள்ள இருக்குதுங்களா, கணக்குப் பாக்கற எடத்துல?" பொம்பளையை விட்டுப் பேசச் சொல்கிறான், பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பான், பொறுமைசாலி, என்று ஓடியது மனசு. "அப்படி யாரும் இங்க வேலை செய்யலீங்க. காலண்டர்ல தப்பா அச்சாயிருச்சுங்க. காலையில இருந்து பல பேர் கேட்டுட்டாங்க." தேவைக்கு மேல் சொல்லிவிட்டேனோ. வைத்துவிட விரல் பட்டன் மேல் போயிற்று. "இல்லீங்களா?" இல்லீங்க. "நல்லதுங்க சார். இப்படியே சொல்லுங்க. நேர்ல வர்றவங்ககிட்டயும் பதறாம இப்படியே நின்னு சொல்லிப்போடுங்க." எனக்குப் புரியவில்லை. அல்லது புரிந்துவிட்டது, பிடித்துக்கொள்ள ஒன்றும் அகப்படவில்லை. "ஒம்பதரைக்கே கெளம்பிட்டானுங்க, எம்பையனும் அவன் சித்தப்பனும், வண்டியில. காலண்டரைக் கிழிச்சு மடிச்சு எடுத்துக்கிட்டானுங்க. நம்பரை மட்டும் நான் கையில எழுதி வெச்சுக்கிட்டேன். ஊட்டுல எம்போனைப் புடுங்கிட்டானுங்க. இப்பத்தான் பால் சொசைட்டிக்கு வர முடிஞ்சுது." அம்மா, நீங்க என்று ஆரம்பித்தேன். "நான் பேசுனேன்னு எம்புள்ளைக்குத் தெரிய வேண்டாங்க சார். தெரிஞ்சா நகராதுங்க. எங்கம்மாவ ஒருக்காப் பாத்துட்டுப் போறேன்னு அங்கயே நிக்கும். வெளையாட்டில்லீங்க, அது அப்படித்தான்." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "நல்லா இருக்குதுங்களா?" இல்லவே இல்லை என்று சொன்ன ஒருத்தியைப் பற்றி, அந்த அம்மா கேட்கிறார், நான் பதில் சொல்கிறேன். "நல்லா இருக்குதுங்கம்மா. பச்சைப் புடவை கட்டியிருக்குது." எதற்குப் புடவையைச் சொன்னேன் என்று தெரியவில்லை. லைன் அறுந்தது. வைத்தாரா, யாராவது வந்தார்களா, தெரியாது. ஒன்பதரை. மூலனூரிலிருந்து வண்டியில் இரண்டரை மணி நேரம், பல்லடத்தில் நெரிசல் இருந்தால் மூன்று. கணக்கு போட வேண்டாம், கணக்கு போட்டது போதும்.

ரிசீவரை வைத்த கையை எடுக்கும் முன்பே அடித்தது. பிலோமினா. "என்னண்ணா, 219 போட்டா உங்களுக்கு வருது, நீங்களும் பிஸியாவே இருக்கீங்க? மரகதத்தைப் பாக்க ரெண்டு பேர் வந்திருக்காங்க. அவங்க அண்ணனாம். ஸ்வீட் பாக்ஸெல்லாம் வெச்சிருக்காரு. உள்ள அனுப்பட்டுங்களா?" இருக்காங்கன்னு சொல்லிட்டியா என்று கேட்டேன், என் குரல் எங்கிருந்தோ வந்தது. "ஆமாண்ணா. கேட்டாங்க, அக்கவுண்ட்ஸ்லதான் இருக்காங்கன்னேன். காலண்டரைக் காட்டறாங்க, அவங்க பேரே போட்டிருக்கே. உக்காரச் சொல்லியிருக்கேன். ஏண்ணா?" அவள் மேல் என்ன தப்பு. அவளிடம் நான் சொல்லவில்லை. ஒரு ரகசியத்தை அவ்வளவு நன்றாகக் காப்பாற்றினேன். "அனுப்பாத. முதலாளிகூட மீட்டிங்ல இருக்காங்க, அரை மணி நேரம் ஆகும்னு சொல்லு. டீ வாங்கிக் குடு. சிரிச்சமாதிரியே சொல்லு பிலோமினா, தாயி, குரல் மாறிடக் கூடாது. அப்புறம் என் மேஜைக்கு வந்து இங்கிருந்து போலீஸுக்குப் போடு, அங்க நின்னு பேசாத." "சரிங்க சார், நான் சொல்லிடறேங்க" என்றாள் சத்தமாக, எதிரில் இருப்பவர்களுக்குக் கேட்கும்படி, சிரித்துக்கொண்டே.

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். ஓடினால் பார்ப்பார்கள். பதினாறு மேஜை, பதினேழா, எண்ணாதே. அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள், நான் வாயைத் திறக்கும் முன்பே நூலையும் ஊசியையும் மேஜையில் வைத்துவிட்டாள். அம்மணி, எந்திரி, பையெல்லாம் இருக்கட்டும், பவுண்டரிப் பக்கம் பின்கேட்டு இருக்கு, என் வண்டி அங்கதான் நிக்குது என்றேன். தப்பு என்னுது, காலண்டர்ல உம்பேரை நாந்தான் போடச் சொன்னேன், அப்புறமா என்னைத் திட்டு என்றேன். அவள் சுவரைப் பார்த்தாள், காலண்டரைப் பார்த்தாள், திட்டவில்லை. "வந்துட்டாங்களா?" ஒம்பதரைக்கே ஊர்லருந்து கெளம்பி வந்து முன்னால உக்காந்திருக்காங்க என்றேன். மேஜைக்கு அடியில் காலால் துழாவிச் செருப்பைத் தேடினாள், ஒன்று அகப்பட்டது, ஒன்று அகப்படவில்லை, நான் குனிந்து எடுத்துப் போட்டேன். பவுண்டரிக்குப் போகிற நடையில் வெயில் நேராக மேலே விழுந்தது. பாதி வழியில் நின்றுவிட்டாள். "சார், அவங்க கெளம்பினது உங்களுக்கு எப்படிங்க தெரியும்? யாருங்க சொன்னது?"

"யாரோ போன் பண்ணாங்கம்மா. பேர் சொல்லலை. நட."

"பொம்பளைக் குரலுங்களா?"

பின்கேட்டுக்கு இன்னும் முப்பதடி இருந்தது. அவள் நகரவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அண்ணன் அங்கே உட்கார்ந்திருப்பதையே மறந்துவிட்டது போல, இந்த ஒரு பதிலுக்காக அங்கேயே நிற்கத் தயாராக.

"ஆம்பளைம்மா" என்றேன்.

சரிங்க என்றாள். தலையைக் குனிந்துகொண்டு எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள்.